எல்லோருக்கும் உரிய படிக்கட்டு

(குடியிருப்போர் சங்கம் ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அண்டை அயலார்க்கிடையே பொது இடங்களைப் பற்றி எழும் சச்சரவுகளைக் குறித்துப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். செருப்பு அலமாரி, துணிக்கொடி, கார் நிறுத்தும் இடம், மோட்டார் போடும் வேளை ஆகிய இவற்றைப் பற்றிப் பிரசங்கம் செய்வதற்கு என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றக்கூடும். சற்றே யோசித்துப் பாருங்கள். ஒருவர் தம் ஆயுட்கால சம்பாத்தியத்தின் பெரும்பகுதியைக் கொடுத்து, இருபது வருஷத் தவணைக்கு வங்கியில் கடன்பட்டு, பெண்டு பிள்ளைகளோடு ஒரு வீட்டில் குடியேறிய பிறகு, அந்த வீட்டுக் கதவைத் திறந்து வெளியே காலெடுத்து வைக்கும்போதெல்லாம் எதிர்வீட்டுக்காரரின் முகத்தில் விழிக்க நேர்ந்துவிடுமோ என்று தாழ்ப்பாளைப் பிடித்தபடி தயங்கி நிற்பாரேயானால், அந்த வாழ்க்கையை க்ஷேமமான வாழ்க்கை என்று சொல்ல முடியுமா? அப்படி நிற்பவர்கள் இந்த நகரத்தில் எத்தனை பேர்! பொது இடத்து விவகாரத்தை அற்ப விவகாரம் என்று எண்ணுகிறவர்கள், மனிதனுடைய நிம்மதியை அற்பமாக எண்ணுகிறார்கள் என்பதே என் அபிப்பிராயம்.

பொது இடத்தில் சேர்ந்து வாழ்வது நமக்குப் புதிதன்று. திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் 'ஸ்டோர்' என்று வழங்கிய வீடுகளை உங்களில் மூத்தவர்கள் கண்டிருப்பீர்கள். சிலர் அவற்றில் பிறந்து வளர்ந்தும் இருப்பீர்கள். ஒரு நீண்ட நடை, அதன் இரு பக்கமும் ஒன்றும் இரண்டுமாக அறைகள், கோடியில் ஒரு கிணறு, எட்டுப் பத்துக் குடித்தனங்களுக்கும் சேர்த்து ஒரு குளியலறையும் கக்கூஸும். விடியற்காலையில் கிணற்றடியில் சண்டை, குழாயடியில் சண்டை, கொடியில் யார் துணியை யார் தள்ளிப் போட்டார்கள் என்று சண்டை. ஆயினும் அந்தச் சண்டைகள் ஒருநாள் மாலைக்குள் ஏதோ ஒரு விதமாக முடிந்துவிடும். காரணம், அங்கே வீட்டுக்காரர் என்று ஒருவர் இருந்தார். அவர் சொன்னது நியாயமோ அநியாயமோ, அத்துடன் பேச்சு அடங்கிவிடும். அடங்காதவர் சாமானைக் கட்டிக்கொண்டு வேறு ஸ்டோருக்குப் போய்விடுவார்.

1970-களிலும் 80-களிலும் தனி வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழும்பியபோது, அந்த வீட்டுக்காரர் மறைந்துபோனார். அவருக்குப் பதிலாகப் பன்னிரண்டு பேர், இருபத்துநான்கு பேர், இப்போதெல்லாம் முந்நூறு பேர்கூட, ஒரே மனையின் பிரிபடாத பாகத்துக்கு உடையவர்களாகப் பத்திரம் பதிந்துகொண்டு வந்து சேர்ந்தார்கள். மொட்டை மாடி யாருடையது? எல்லோருடையது. படிக்கட்டு யாருடையது? எல்லோருடையது. தொட்டியும், குழாயும், லிஃப்டும், சுற்றுச்சுவரும் யாருடையவை? எல்லோருடையவை. எல்லோரும் உடையவர்களாயிருக்கும் இடத்தில், 'நான் சொல்கிறேன், நீ கேள்' என்று சொல்வதற்கு யாருக்கு அதிகாரம் இருக்கிறது? ஒருவருக்கும் இல்லை. அன்பர்களே, நான் இன்று சொல்ல வந்தது இது ஒன்றுதான். உடையவர் ஒருவராக இருந்தவரை அவருடைய அதிகாரம் சண்டையைத் தீர்த்தது. உடையவர் அனைவரும் என்று ஆன பிறகு, கூடி உட்கார்ந்து பேசும் வழக்கம் ஒன்றுதான் அதைத் தீர்க்க முடியும். அந்த வழக்கத்தை நாம் இன்னும் உண்டாக்கிக்கொள்ளவில்லை.

கார் நிறுத்தும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டை விற்கும்போது கட்டுநர், தூண்களுக்கு நடுவே சுண்ணாம்பால் கோடு கிழித்து, இது உங்களுக்கு, அது அவருக்கு என்று தனித்தனியே விலை சொல்லி விற்றுவிடுகிறார். கோடு மழையில் அழிந்துபோகிறது. ரசீது மட்டும் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. பின்னால் வந்தவர் இரண்டாவது கார் வாங்குகிறார். முன்னால் வந்தவர் ரசீதை நீட்டுகிறார். விவகாரம் காவல் நிலையம் வரையில் போகிறது. அந்தக் கோட்டைக் கிழித்து விற்கக் கட்டுநருக்கு அதிகாரம் இருந்ததா என்று கேட்டவர்கள் வெகு சிலரே. பம்பாய் தஹிசரில் உள்ள பாஞ்சாலி என்ற கூட்டுறவு வீட்டுச் சங்கத்தார் அதைக் கேட்டார்கள். கட்டுநர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரையில் சென்றது. 2010-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், மகாராஷ்டிரச் சட்டத்தை வியாக்கியானம் செய்த உச்ச நீதிமன்றம், தூண்களுக்கு நடுவே உள்ள வண்டி நிறுத்தும் இடம் கட்டடத்தின் பொதுப் பகுதியே, அதைத் தனிச் சொத்தாக விற்கக் கட்டுநருக்கு உரிமை இல்லை என்று தீர்ப்புச் சொல்லிற்று. பிறகு வந்த 2016-ஆம் வருஷத்து மனை வணிகச் சட்டமும், படிக்கட்டு, லிஃப்ட், மொட்டை மாடி ஆகியவற்றோடு திறந்தவெளி வண்டி நிறுத்தத்தையும் பொதுப் பகுதிகளின் ஜாபிதாவிலேயே சேர்த்திருக்கிறது.

சட்டம் தெளிவாக இருக்கிறதே, பின் சண்டை ஏன் ஓயவில்லை? அந்த இடம் பொது என்று சட்டம் சொல்லிவிடும். பொதுவான இடத்தில் இன்று ராத்திரி எந்த வண்டி நிற்க வேண்டும், மருத்துவமனைக்கு ஓடவேண்டிய முதியவர் உள்ள வீட்டுக்கு வாசலோரத்து இடத்தை விட்டுக்கொடுப்பதா இல்லையா என்பதை எந்தச் சட்டமும் சொல்லாது. அதை நீங்கள்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

சண்டைகளிலெல்லாம் கொடிய சண்டை எது என்று என்னைக் கேட்டால், கசிவுச் சண்டை என்பேன். நான் நன்கு அறிந்த ஒரு குடியிருப்பில் நடந்ததை விரிவாகவே சொல்கிறேன். மாம்பலத்தில் மூன்று மாடிக் கட்டடம். முதல் மாடியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அவருக்கு நேர் மேலே இரண்டாவது மாடியில் வங்கியில் வேலை பார்க்கும் ஓர் அம்மாள். ஆசிரியர் வீட்டுக் குளியலறை மேற்கூரையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓதம் கண்டது. அது மாதத்துக்கு மாதம் படர்ந்தது. பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. உள்ளே இருந்த இரும்புக் கம்பி துருவேறி வெளியே தெரியலாயிற்று. அவர் மேலே போய்ச் சொன்னார். அந்த அம்மாள் தம் குளியலறைத் தரையைப் பெயர்த்துப் புதிதாக ஓடு பதித்தார். கசிவு நிற்கவில்லை. ஆசிரியர் மறுபடியும் சொன்னார். செய்யவேண்டியதைச் செய்தாயிற்று என்று அம்மாள் பதில் சொன்னார். பிறகு பேச்சு நின்று கடிதம் ஆயிற்று; கடிதம் நின்று வாட்ஸ்அப் குழுவில் ஊரறியச் செய்தி ஆயிற்று; கடைசியில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. ஒருவர் வீட்டுக் கொலுவுக்கு ஒருவர் போகாமல் இரண்டு நவராத்திரிகள் கழிந்தன.

மூன்றாவது மாடிக்காரர் வேறு ஏதோ வேலைக்காக அழைத்து வந்த பிளம்பர் ஒருவர், இந்த வழக்கைக் கேள்விப்பட்டு, கடையிலிருந்து ஒரு புட்டி சொட்டு நீலம் வாங்கிவரச் சொன்னார். இரண்டாவது மாடிக் குளியலறையின் வடிகாலைத் துணியால் அடைத்து, நீலம் கலந்த தண்ணீரைத் தேக்கி, ராத்திரி முழுதும் விட்டு வைத்தார். காலையில் கீழே போய்ப் பார்த்தால், ஓதம் இருந்தது, நீலம் இல்லை. அன்று மத்தியானம் மூன்றாவது மாடிக்குப் போய், அங்கே உள்ள கழிவுநீர்க் குழாயில் நீலத்தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினார். சாயங்காலத்துக்குள் ஆசிரியரின் மேற்கூரையில், துருவேறிய கம்பியை ஒட்டி, நீலம் ஊறி நின்றது. "சார், இது உங்களுதும் இல்ல, மேல் வீட்டம்மாவுதும் இல்ல. எல்லா வீட்டுத் தண்ணியும் எறங்குற பொதுக் குழாய் சார் இது. ஜாயிண்ட் விட்டிருக்கு" என்றார் பிளம்பர்.

பெரியோர்களே, கவனியுங்கள். இரண்டு வருஷ காலம் ஒருவரை ஒருவர் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டிருந்த அந்த இருவரில் ஒருவரும் குற்றவாளி அல்லர். குற்றம் இருந்தது, சுவருக்குள்ளே பன்னிரண்டு வீடுகளுக்கும் பொதுவாக ஓடிய ஒரு குழாயில். அதைப் பழுது பார்க்கும் கடமை பன்னிரண்டு பேருக்கும் இருந்தது. மற்றப் பத்துப் பேரும் என்ன செய்தார்கள்? அது அவர்கள் இருவருடைய சொந்த விஷயம் என்று ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தனை பேரும் கூடி, இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து, ஒரு பிளம்பரையும் கூப்பிட்டிருந்தால், இரண்டு வருஷத்து மனஸ்தாபம் ஒரே வாரத்தில் தீர்ந்திருக்கும் அல்லவா?

அப்படிக் கூடிப் பேசுவது சாத்தியந்தானா என்று கேட்பீர்கள். சாத்தியம் என்பதற்கு உலகத்தில் பழைய சாட்சி இருக்கிறது. ஸ்பெயின் தேசத்து வலென்சியா நகரத்தில், பிரதான தேவாலயத்தின் அப்போஸ்தலர் வாயிலில், ஒவ்வொரு வியாழக்கிழமையும் உச்சிப்பொழுதில், கறுப்பு அங்கி அணிந்த எட்டுப் பேர் வட்டமாக வந்து அமருகிறார்கள். அவர்கள் சட்டம் படித்த நீதிபதிகள் அல்லர். சுற்றுவட்டாரத்து எட்டுக் கால்வாய்களின் பாசனக்காரர்கள் தங்களுக்குள்ளேயே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள். இவன் முறை தவறித் தண்ணீரை எடுத்துக்கொண்டான், அவன் கரையை அடைக்காமல் விட்டான் என்ற வழக்குகள் அங்கே வருகின்றன. வாதமும் பிரதிவாதமும் வாய்மொழியாகவே நடக்கும்; தீர்ப்பும் அங்கேயே, அப்பொழுதே. எந்தக் கால்வாயைப் பற்றிய வழக்கோ, அந்தக் கால்வாயின் பிரதிநிதி தீர்ப்பில் கலந்துகொள்வதில்லை. பல நூற்றாண்டுகளாக நடந்துவரும் இந்த நீர்மன்றத்தை 2009-இல் யுனெஸ்கோ மானிடகுலத்தின் பாரம்பரியச் செல்வமாக அங்கீகரித்தது. அதே 2009-இல்தான், பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெண்களில் முதன்முதலாகப் பெற்றார் எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அம்மையார். பொதுச் சொத்து என்றால் ஆளாளுக்குச் சுரண்டி அழித்தே தீருவார்கள் என்று 1968-இல் காரெட் ஹார்டின் எழுதிய கட்டுரை அறிஞர் உலகத்தில் வேதவாக்காக நிலவியிருந்தது. அந்த அம்மையார் வலென்சியாவின் கால்வாய்களையும் அவை போன்ற பல தேசத்துப் பொதுச் சொத்துக்களையும் ஆராய்ந்து, உபயோகிப்பவர்களே கூடி விதி வகுத்து, உபயோகிப்பவர்களே கண்காணித்து, சச்சரவைச் செலவின்றியும் சீக்கிரமாகவும் தீர்த்துக்கொள்ள ஓர் இடம் வைத்துக்கொண்டால், பொதுச் சொத்து தலைமுறை தலைமுறையாக நிலைத்து நிற்கும் என்று நிரூபித்தார்.

சீக்கிரமாக என்ற சொல்லை மறவாதீர்கள். வலென்சியாவில் வியாழக்கிழமை தவறு நடந்தால் அடுத்த வியாழக்கிழமைக்குள் விசாரணை. நம்முடைய சங்கங்களில் அடுத்த பொதுக்குழு எப்பொழுது? அடுத்த வருஷம்! ஒரு வருஷத்துக் கோபத்தை நெஞ்சில் சுமந்துகொண்டு வருகிறவர்கள் கூட்டத்தில் நிதானமாகப் பேசுவார்கள் என்று எப்படி எதிர்பார்ப்பது? மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரை மணி நேரம், கீழ்த்தளத்துத் தூண்களுக்கு நடுவில் நாலு நாற்காலி போட்டால் போதும். சம்பந்தப்பட்ட இருவரைத் தவிர மற்றவர்கள் தீர்ப்புச் சொல்லட்டும்.

சங்கத்து வரவு செலவுக் கணக்கு விஷயத்துக்கு ஸ்பெயினுக்குப் போக வேண்டியதில்லை; உத்தரமேரூருக்குப் போனால் போதும். முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட அந்த ஊர்க் கோயில் கல்வெட்டுகளில், ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்குக் குடவோலையால் ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகள் இருக்கின்றன. முன்பு ஏதேனும் ஒரு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடியும் வாரியத்துக்கு வர முடியாது. அவன் மட்டுமா? அவனுடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது. உறவினரைத் தண்டிப்பது இன்றைய நியாயத்துக்கு ஒவ்வாததுதான். ஆனால் கணக்குக் காட்டாமையை எத்தனை பெரிய தோஷமாக அந்தச் சபையார் கருதினார்கள் என்பதைப் பாருங்கள்! பராமரிப்புக் கட்டணம் எங்கே போகிறது என்று தெரியாத குடியிருப்பில், லிஃப்டுக்குப் பணம் கேட்டாலும் சண்டை, பெயிண்டுக்குக் கேட்டாலும் சண்டை. சந்தேகம் குடிகொண்ட இடத்தில் நல்ல யோசனையும் சூழ்ச்சியாகவே தோன்றும்.

இனித் தண்ணீர். 2019-ஆம் வருஷக் கோடையை இந்தச் சபையில் யாரும் மறந்திருக்க முடியாது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, சென்னையின் குடியிருப்புகள் லாரித் தண்ணீருக்கு வழிமேல் விழிவைத்துக் காத்திருந்த நாட்கள் அவை. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று குழாய்க்கு முறை வந்தது. கீழ்வீட்டுக்குத் தண்ணீர் வேகமாக வருகிறது, மேல்வீட்டுக்கு வரவில்லை என்று பூசல் வந்தது. அந்த நாட்களில் தொட்டியில் குச்சி விட்டு ஆழம் பார்த்து, லாரி வந்த நேரத்தைக் குறித்து, யார் வீட்டு வால்வை எப்பொழுது திறப்பது, எப்பொழுது மூடுவது என்று பார்த்துக்கொண்டவர் யார்? சங்கத் தலைவரா? செயலாளரா? பெரும்பாலான குடியிருப்புகளில் அதைச் செய்தவர் காவல்காரர்.

நம்முடைய தென் மாவட்டத்து ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். சில ஊர்களில் இன்னும் இருக்கிறார். மடையைத் திறப்பதும் மூடுவதும், எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று பகிர்ந்து விடுவதும் அவர் பொறுப்பு. பல ஊர்களில் அவருக்கு அந்த ஆயக்கட்டில் நிலம் கிடையாது. தனக்கென்று வயல் இல்லாதவர் ஒருதலைப்பட்சமாக நடக்கமாட்டார் என்று ஊர் நம்பிற்று. அவர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர். மிராசுதாரர்களின் விளைச்சலெல்லாம் அவருடைய மண்வெட்டியின் நேர்மையில் நின்றது. ஆனால் ஊர்க்கூட்டத்தில் அவருக்கு ஆசனம் இருந்ததா? அந்தக் கேள்வியை ஊர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. நம் காவல்காரரைக் குறித்து நாம் கேட்டுக்கொள்கிறோமா?

இங்கே நான் சற்றுக் கடுமையாகப் பேசினால் பொறுத்தருள வேண்டும். நகரத்துக் குடியிருப்புகள் சிலவற்றில், வீட்டு வேலை செய்பவர்கள் லிஃப்டை உபயோகிக்கக் கூடாது என்று அறிவிப்புப் பலகை தொங்குகிறது. ஐந்து மாடி ஏறி மூன்று வீட்டுப் பாத்திரம் தேய்த்து, ஐந்து மாடி இறங்கி, மறுபடியும் ஏறுகிற அந்தப் பெண்மணிக்கு முழங்கால் வலிக்காதா? நாம் உண்ணும் தட்டை அவர் கையால் துலக்கலாம். நாம் உறங்கும் கட்டிலை அவர் கையால் விரிக்கலாம். நாம் நிற்கும் லிஃப்டில் அவர் நிற்கக்கூடாது என்பது எந்த தர்மம்? கிணற்றடியிலும் தெருவிலும் கோயில் வாசலிலும் எந்தக் கொடுமையை எதிர்த்து நம் முன்னோர் போராடினார்களோ, அதுவேதான் இரும்புக் கதவு போட்டுக்கொண்டு மேலும் கீழும் போய்வருகிறது. மின்சாரம் மிச்சமாகிறது என்று இதற்குச் சமாதானம் சொல்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். இந்தச் சமாதானத்தை ஒருக்காலும் ஏற்கமாட்டேன்.

வாடகைக்குக் குடியிருப்போர் நிலையும் யோசிக்கத் தக்கது. மாதாமாதம் பராமரிப்புக் கட்டணத்தைச் செலுத்துபவர் அவர். சொந்தக்காரர் அயல்நாட்டிலோ அயலூரிலோ இருக்கிறார். மொட்டை மாடியில் வடாம் உலர்த்தலாமா கூடாதா, குழந்தைகள் வாகனம் நிற்கும் இடத்தில் பந்து விளையாடலாமா கூடாதா என்று தீர்மானம் போடும் கூட்டத்தில், அந்த மாடியில் உலர்த்துகிறவரும் அந்தக் குழந்தைகளின் தாயும் வாய் திறக்கக் கூடாது என்றால், அந்தத் தீர்மானத்தை அவர்கள் எப்படி மதிப்பார்கள்? சொத்தை விற்பதற்கும் இடிப்பதற்கும் வாக்கு உடையவருக்கே இருக்கட்டும். அன்றாடம் படியேறி இறங்குகிறவருக்குப் படிக்கட்டைப் பற்றிப் பேச உரிமை வேண்டாமா?

இடிப்பது என்று சொன்னேன். அதைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறேன். 2021 டிசம்பரில் திருவொற்றியூரில், 24 வீடுகள் கொண்ட அரசு வாரியக் குடியிருப்புக் கட்டடம் ஒன்று இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு அங்கே இருந்தவர்கள் முன்னதாகவே வெளியேறிவிட்டபடியால் உயிர்ச்சேதம் நேரவில்லை. கான்கிரீட்டுக்கும் வயது உண்டு என்று அன்று பலருக்கு உறைத்தது. 70-களிலும் 80-களிலும் கட்டிய தனியார் அடுக்குமாடிகளும் முதுமை எய்திக்கொண்டிருக்கின்றன. அவற்றை இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டுமானால் உடையவர்கள் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும் என்ற நிலை இருந்தது. ஒருவர் மறுத்தால் காரியம் நின்றுவிடும். 2022-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உடைமைச் சட்டம், 2024-இல் அமலுக்கு வந்து, மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் போதும் என்று மாற்றியிருக்கிறது. அவசியமான மாறுதலே. ஆனால் மீதி மூன்றில் ஒரு பங்கினர் யார் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் தனியே வசிக்கும் முதியவர்கள். கட்டி முடிக்கும் வரையில் எங்கே போவது, திரும்பி வருவோமா என்று அஞ்சுகிறவர்கள். செருப்பு அலமாரிக்கும் துணிக்கொடிக்கும் கூடிப் பேசிப் பழகாதவர்கள், வீட்டையே இடிக்கும் நாளில் அந்த முதியவரோடு எப்படிப் பேசுவார்கள்? வாக்கை எண்ணுவார்கள், அவர் தோற்றார் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கட்டடத்துக்கு அந்த நாள் வர இன்னும் சில வருஷங்கள் இருக்கின்றன. வருகிற மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கூட்டத்தைத் தொடங்கிவிடுங்கள் என்று செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அங்கத்தினர்களோடு வாடகைக்கு இருப்போரையும் காவல்காரரையும் வீட்டு வேலை செய்யும் பெண்களையும் நாற்காலி போட்டு உட்கார வைத்து, இந்தப் படிக்கட்டிலும் மாடியிலும் தங்களுக்கு என்ன சங்கடம் என்று முதலில் அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். அதற்கு மறுப்பு ஒன்றும் இல்லையென்றால் இங்கேயே கைதூக்கித் தெரிவிக்கலாம்.  வணக்கம்.